யூரியாவும் கிணற்றுத் தண்ணீரும் – கடிதம்

அன்புள்ள சார்,

பெங்களூரு பக்கமிருந்து வரும் தென்பெண்ணை ஆற்றின் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். பெங்களூரு சாக்கடையையும் ஆலைகளையும் மட்டும் திட்டினால் போதுமா? எங்கள் பக்கம் ரோஜாவுக்கும் குடைமிளகாய்க்கும் கொட்டுகிற உரம் எங்கே போகிறது? அளவுக்கு மேல் போடுகிறவர்களுக்கு அபராதம் விதித்தால் என்ன? இதைக் கேட்டாலே என்னை விவசாயிகளுக்கு எதிரி என்கிறார்கள்.

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அபராதம் நடக்கிற காரியம் இல்லை. ஆலைக்கு ஒரு குழாய் இருக்கிறது, அதன் வாயில் பாட்டிலைப் பிடிக்கலாம். வயலிலிருந்து மழையோடு இறங்குவதை எங்கே பிடிப்பீர்கள்? நுரை ஆற்றை அடைத்து நிற்பதைப் பார்க்கிறவரிடம் போய் 'உன் யூரியாவுக்கு அபராதம் கட்டு' என்றால் கட்டுவாரா? நானே கட்டமாட்டேன்.

பாலக்கோடு பக்கம் என் மாமா தக்காளி வைக்கிறார். 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் சொச்சம், 50 கிலோ டிஏபி உரம் 1350. கை எதன் பக்கம் போகும்? யூரியா போட்ட சில நாளில் இலை கரும்பச்சையாகிவிடும், பார்க்கவே கண் நிறையும். செடி எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பங்கு நைட்ரேட்டாகித் தண்ணீரோடு கீழே இறங்குகிறது. கிணறு அதே வயலில்தான். குடிப்பதும் அதே தண்ணீர்தான்.

போன கோடையில் ஒரு பாட்டில் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்தேன். குடிதண்ணீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் நைட்ரேட் இருக்கலாம். இருந்தது அதற்கு மேல். "தண்ணி தித்திப்பாத்தானே இருக்குது?" என்றார் மாமா. நைட்ரேட்டுக்கு ருசியும் இல்லை, வாசனையும் இல்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்டக் கூடத்தான் செய்யும். கைக்குழந்தைக்கு அதில் பால் பவுடர் கரைத்தால் ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும்.

தர்மபுரியில் நிலத்தடித் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடைப் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை, பல்லில் கறை இருந்தது. அதற்குப் பதிலாக ஒகேனக்கல் காவிரித் தண்ணீரை மக்களே கேட்டார்கள். ஃபுளோரைடு பாறையிலிருந்து வருவது என்பதும் ஒரு சௌகரியம், பழி யார் மேலும் இல்லை. நைட்ரேட்டில் பழி நம் மேலேயே விழுகிறது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் என்றதும் எங்கள் ஊரில் பலர் போட்டுக்கொண்டார்கள். உரத்தைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட அதில் வழி இருக்கிறது, கீழே இறங்குவதும் குறையும். மாசு என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை, அதனால்தான் போட்டார்கள் என்பது என் எண்ணம்.

சோதனைத் தாளை மாமா மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை மூட்டையைக் குறைத்தீர்களா என்று போன வாரம் கேட்டேன்.

"குடிக்கிறதுக்கு இப்ப ஒகேனக்கல் தண்ணி புடிச்சிக்கிறோம்ப்பா" என்றார்.