இசைக் கேள்விகள்: மெட்டுப் போட எந்தக் கீபோர்டு?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. பக்திப் பாடல்களும் குழந்தைப் பாடல்களும் நானே எழுதி மெட்டுப் போடுகிறேன். நல்ல கீபோர்டு ஒன்று வாங்கலாம் என்று விசாரித்தால், 'அரேஞ்சர் எல்லாம் கல்யாணக் கச்சேரிக்குத்தான், இசையமைக்க வொர்க்ஸ்டேஷன்தான் வேண்டும்' என்கிறார்கள். அரேஞ்சரான யமஹா பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900, வொர்க்ஸ்டேஷன் வகையைச் சேர்ந்த யமஹா மோடெக்ஸ்6 இரண்டில் எது எனக்குச் சரி?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: அரேஞ்சரையே வாங்குங்கள், டீச்சர். உங்களுக்கு மெட்டும் வரியும் சேர்ந்தே வரும். அந்த நேரத்தில் கை வேறு வேலைக்குப் போனால் மெட்டு ஓடிவிடும். அரேஞ்சரில் இடது கையில் ஒரு கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடித்தால் போதும். டிரம்ஸ், பேஸ், கிட்டார், ஸ்ட்ரிங்ஸ் எல்லாம் அதற்கேற்ப அப்போதே வாசிக்கும். வலது கையில் மெட்டு, வாயில் வரி. பல்லவி முடிந்து சரணத்துக்குப் போக ஒரு பட்டன். 4/4 தாளக் கணக்கில் பிடிபடாத மெட்டை 6/8இல் பாடிப் பார்க்க, ஸ்டைலை, அதாவது அந்தப் பக்கவாத்திய அமைப்பை, மாற்றினால் ஆயிற்று.

வொர்க்ஸ்டேஷனும் அருமையான கருவிதான். 1988இல் வந்த கோர்க் எம்1 காலத்திலிருந்தே அதன் வேலை, ஒரே பெட்டிக்குள் சவுண்டை உருவாக்கி, சீக்வென்சரில் (வாசித்ததைப் பதிந்து அடுக்கும் பகுதி) டிராக் டிராக்காக அடுக்கிப் பாட்டைக் கட்டுவது. மோடெக்ஸில் ஆர்பெஜியோக்கள் (பிடித்த ஸ்வரங்களைத் தானே வரிசையாக வாசிக்கும் அமைப்புகள்) ஏராளம். ஆனால் இன்ட்ரோ, ஃபில்-இன் (இடையில் வரும் சின்ன நிரப்பு), எண்டிங் என்று பாட்டின் போக்கோடு கூடவே வரும் ஸ்டைல் அதில் இல்லை. உங்களுக்கு வேண்டியது அந்தத் துணைதான்.

'கல்யாணக் கச்சேரிக்குத்தான்' என்று சொல்வதை நான் ஒருநாளும் ஏற்கமாட்டேன். லைட் மியூசிக் மேடையில் பாடகர் சட்டென்று ஸ்ருதி மாற்றினாலும், சரணத்தை இன்னொரு முறை எடுத்தாலும், ஒற்றை ஆளாக ஈடு கொடுக்கிற கருவி இது. அப்படிப்பட்டது வீட்டில் மெட்டுப் போட உதவாதா?

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். பக்திப் பாடல் என்கிறீர்கள், மாயாமாளவகௌளையில் ஒரு மெட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 'சி'தான் ஸட்ஜம். இடது கையில் சி மேஜர் பிடிக்கிறீர்கள். பல ஸ்டைல்களில் பேஸ் சி, ஈ, ஜி என்று ஏறி அடுத்து ஏ-வைத் தொடும். அது சதுஸ்ருதி தைவதம். ராகத்துக்கு வேண்டியதோ சுத்த தைவதம், அதாவது ஏ-ஃபிளாட். அதேபோல, பின்னால் நீண்டு நிற்கும் பேட் (pad) ஒலியில் டி கலந்திருந்தால் ரிஷபமும் மாறிப்போகும். நீங்கள் சரியாகப் பாடினாலும் காதுக்கு உறுத்தும். காரணம், ஸ்டைலுக்குக் கார்ட்தான் தெரியும், ராகம் தெரியாது.

இதற்கு வழி இருக்கிறது. யமஹாவில் ஃபிங்கர்டு முறையில் (கார்டின் கட்டைகளை நாமே பிடிக்கும் முறை) சி, ஜி இரண்டை மட்டும் பிடித்தால் பக்கவாத்தியம் ஸட்ஜம், பஞ்சமத்தோடு நின்றுவிடும். கீழ் சி, மேல் சி என்று ஒரே ஸ்வரத்தைப் பிடித்தால் ஸட்ஜம் மட்டும்தான். சி, சி-ஷார்ப், டி என்று அடுத்தடுத்த மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கினால் கார்டே விலகி, தாளம் மட்டும் ஓடும். ராகத்தை ஒட்டி மெட்டுப் போடும்போது ஸ்டைலில் சின்ன இசைத் துணுக்குகளை வாசிக்கும் ஃப்ரேஸ் பகுதியையும் பேட் பகுதியையும் அணைத்து வையுங்கள். ஸ்டைல் கிரியேட்டரில் அந்த பேஸ் வரியைத் திருத்தி, புது ஸ்டைலாகச் சேமிக்கலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், ஆனால் ஒருமுறை செய்துவிட்டால் அந்த ராகத்துக்கு உங்களிடம் ஒரு ஸ்டைல் தயார்.

'அரேஞ்சர் சவுண்டை எங்கே கேட்டாலும் தெரிந்துவிடும்' என்றும் சொல்வார்கள். தெரியட்டும், அது கடைசிப் பதிவு இல்லையே. பாட்டை அதில் வாசித்து மிடியாக, அதாவது ஒலியாக இல்லாமல் எந்த ஸ்வரம் எப்போது வந்தது என்ற குறிப்பாக, பதியுங்கள். ஸ்டைலின் பகுதிகள் 9 முதல் 16 வரையுள்ள சேனல்களில் தனித்தனியாகப் போய் உட்காரும். பென் டிரைவில் எடுத்து ஸ்டுடியோவில் கொடுத்தால், பேஸுக்கு நிஜ பேஸ் கிட்டார், டிரம்ஸுக்குப் பதில் தபலா என்று மாற்றிக்கொள்வார்கள்.

இன்னொன்று: எஸ்எக்ஸ்900-க்கு அடுத்த மாடலான எஸ்எக்ஸ்920 வந்துவிட்டது. அதனால் 900 செகண்ட் ஹேண்டில் கிடைத்தாலும் யோசிக்காமல் பாருங்கள். எல்லாக் கட்டைகளையும் மெதுவாகவும் அழுத்தியும் வாசித்து, ஜாய்ஸ்டிக்கை நான்கு பக்கமும் தள்ளிப் பார்த்து, டச் ஸ்கிரீனின் ஓரங்கள் வேலை செய்கின்றனவா என்று சோதித்து வாங்குங்கள்.

கேள்வி: குறும்படங்களுக்குப் பின்னணி இசை செய்கிறேன். எனக்கும் அரேஞ்சர்தானா?
– வாசகர், திருச்சி

பதில்: இல்லை தம்பி, நீங்கள் மோடெக்ஸ் பக்கம் போங்கள். காட்சிக்குப் பின்னால் ஒரு நிமிடம் தாளமே இல்லாமல் மெல்ல விரியும் ஒலிதான் உங்களுக்கு அடிக்கடி தேவைப்படும். அதன் எஃப்எம் பகுதியையும் (மின்னணு முறையில் உருவாக்கும் ஒலி) சாம்பிள் ஒலியையும் (பதிவு செய்து வைத்த ஒலி) கலந்து, சூப்பர் நாப் என்ற குமிழைத் திருப்பினால், ஒலி ஒன்றிலிருந்து இன்னொன்றாக மாறிக்கொண்டே போகும். அரேஞ்சரில் அந்த அளவுக்கு ஒலியைச் செதுக்க முடியாது. தாளம் வேண்டிய காட்சிக்கு, உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் சாஃப்ட்வேரே போதும்.