நியூக்ளியஸ்ல புள்ளிகள் சிதறி இருந்தா கரு கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயசு 33. இக்சி (விந்தணுவ ஊசி மூலமா முட்டைக்குள்ள செலுத்துறது) பண்ணோம். 9 முட்டைல 7க்கு ரெண்டு பிஎன், ஒண்ணுக்கு மூணு, இன்னொண்ணுக்கு ஒண்ணே ஒண்ணுன்னு மொத நாள் ரிப்போர்ட் வந்துச்சு. அந்த 7லயும் 4க்கு புள்ளிங்க அமைஞ்சிருக்கிற விதத்துக்கான ஸ்கோர் இசட்-3ன்னு போட்டு, ஒரு பிஎன்ல புள்ளிங்க வரிசையா இருக்கு, இன்னொண்ணுல சிதறி இருக்குன்னு எழுதியிருக்காங்க. ரெண்டாம் நாள் ஒரு கருவுல ஒரு செல்லுக்குள்ள ரெண்டு நியூக்ளியஸ் தெரிஞ்சுதாம். என் முட்டை சரியில்லையா? குழந்தைக்கு ஏதாவது ஆகுமா? ட்ரான்ஸ்ஃபரே (கருவ கர்ப்பப்பைல வைக்கிறது) வேண்டாம்னு சொல்லிடவா?

பதில்: வேண்டாம்னு சொல்லாதீங்கம்மா, இந்த ரிப்போர்ட்ட வச்சு மட்டும் அந்த முடிவுக்கு வரவே கூடாது. 9ல 7 சரியா கருத்தரிச்சிருக்குன்னா அது நல்ல விஷயம், உங்க ரிப்போர்ட்ல முக்கியமான வரி அதுதான்.

பிஎன்னா ப்ரோநியூக்ளியஸ், அதாவது மொத நாள் கருவுல குரோமோசோம் இருக்கிற உருண்டை. முட்டைலேர்ந்து ஒண்ணு, விந்தணுலேர்ந்து ஒண்ணு, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்து நிக்கும். விந்தணு சேர்ந்து சுமார் 16லேர்ந்து 18 மணி நேரத்துல மைக்ரோஸ்கோப்ல எண்ணிப் பாப்பாங்க. மூணு இருந்தா ஒரு செட் குரோமோசோம் கூடுதலா இருக்குன்னு எடுத்துக்கிட்டு அந்தக் கருவ வைக்க மாட்டாங்க, இக்சில பெரும்பாலும் முட்டை வெளிய தள்ள வேண்டிய குரோமோசோம் பாதிய தள்ளாம உள்ளயே வச்சுக்கிட்டதாலதான் இப்படி ஆகுது, நீங்க செஞ்சது செய்யாதது எதுவும் இதுக்குக் காரணம் இல்ல. ஒண்ணு மட்டும் இருக்கிறத தனியா வச்சுப் பாப்பாங்க, அது அஞ்சாம் நாள் வரைக்கும் வளர்ந்தா ஜெனெடிக் டெஸ்ட் பண்ணலாமான்னு அப்புறம் பேசிக்கலாம்.

இப்ப அந்தப் புள்ளிங்க. சாதாரண செல்லுல நியூக்ளியோலஸ்னு ஒரு இடம் இருக்கும், புரதம் செய்யிற ரைபோசோம் தயாராகுறது அங்கதான். ஆனா மொத நாள் கருவுல தெரியிறது வேலை செய்யிற நியூக்ளியோலஸ் இல்ல, புரதம் அடர்த்தியா சேர்ந்த உருண்டைங்க, அதுல ரைபோசோம் எதுவும் தயாராகாது. பின்னாடி கருவோட சொந்த ஜீன்கள் விழிக்கும்போது அந்த உருண்டைங்கள ஒட்டித்தான் நிஜமான நியூக்ளியோலஸ் உருவாகும். அதுக்கான பொருள் முழுக்க அம்மாவோட முட்டைலேர்ந்து வருது, விந்தணு அத கொண்டுவர்றதில்ல, இது எனக்கு எப்பவும் ஆச்சரியமா இருக்கிற விஷயம். 2008ல எலி, பன்றி முட்டைங்கள்ல நியூக்ளியோலஸ மட்டும் எடுத்துட்டுப் பாத்தாங்க, முட்டை முதிர்ச்சி அடைஞ்சுது, ஆனா கரு கொஞ்சம் செல் பிரிஞ்சதுமே நின்னுபோச்சு. உங்க கருவுல அந்தப் புள்ளிங்க இருக்கு, இல்லாம போகல, இருக்கிற இடம்தான் சமமா இல்ல.

இடம் முக்கியமே இல்லன்னு நான் சொல்ல வரல. குரோமோசோமோட சில பகுதிகள் இந்த உருண்டைங்கள ஒட்டிக்கிட்டு இருக்கும், மொத செல் பிரியறதுக்கு முன்னாடி ரெண்டு பிஎன்னும் தொட்டுக்கிற ஓரத்துக்கு குரோமோசோமும் புள்ளிங்களும் சேர்ந்து நகர்ந்து வரும், அப்படி வந்தா ரெண்டு பக்க குரோமோசோமும் சரியா ஒண்ணு கூடுறது சுலபம். வராம சிதறியே இருந்தா பிரியும்போது குரோமோசோம் விட்டுப்போக வாய்ப்பு ஜாஸ்தின்னு 2021ல மாட்டுக் கருவுலயும் மனுஷக் கருவுலயும் காட்டியிருக்காங்க. ஆனா இது மணிக்கணக்குல நடக்கிற நகர்வு, உங்க லேப் பாத்தது அதுல ஒரு நிமிஷம்தான், ஓடிக்கிட்டிருக்கிற குழந்தைய ஒரு போட்டோ எடுத்துட்டு இது நேரா நிக்கலயேன்னு சொல்ற மாதிரி. காலைல இசட்-3ன்னு எழுதினது கொஞ்ச நேரம் கழிச்சுப் பாத்தா வரிசையா வந்திருக்கலாம். அதனாலதான் இந்த ஸ்கோர மட்டும் வச்சு எந்தக் கருவையும் தூக்கிப் போடுறதில்ல. 4 செல்லுலேர்ந்து 8 செல் ஆகுற சமயத்துலதான் மனுஷக் கருவோட சொந்த ஜீன்கள் பெரிய அளவுல வேலைய ஆரம்பிக்குது, அதுவரைக்கும் முட்டை சேத்து வச்சதுலதான் ஓடுது, அந்தக் கட்டத்த தாண்டி பிளாஸ்டோசிஸ்ட் (அஞ்சாம் நாள் வாக்குல வளர்ந்த கரு) ஆச்சுன்னா மொத நாள் புள்ளிய விட அது சொல்ற சேதி ரொம்பப் பெருசு.

ரெண்டு நியூக்ளியஸ் விஷயம்: ரெண்டாம் நாள் இது அடிக்கடி பாக்கிறதுதான். அடுத்த பிரிவுல சரியாகிடுற கருவும் உண்டு, அப்படிப்பட்ட கருலேர்ந்து ஆரோக்கியமான குழந்தைங்க பிறந்திருக்காங்க. ஆனா வேற நல்ல கரு இருந்தா அதத்தான் முதல்ல வைப்பாங்க, அதுவும் சரியான முடிவுதான்.

குழந்தைக்கு ஏதாவது ஆகுமான்னு கேட்டீங்க. புள்ளி சிதறி இருந்ததால ஊனம் வரும்னு சொல்ல எந்த ஆதாரமும் இல்ல. குரோமோசோம் பெருசா தப்பிப்போன கரு பெரும்பாலும் வளராமயே நின்னுடும், இல்ல ஒட்டாது, இல்ல ஆரம்பத்துலயே கலைஞ்சுடும். கர்ப்பம் ஆனா எல்லாருக்கும் பண்ற ஸ்கேன், ரத்தப் பரிசோதனைய உங்களுக்கும் பண்ணுவாங்க, அத மட்டும் தவறவிடாதீங்க.

நாளைக்கு எம்ப்ரியாலஜிஸ்ட்கிட்ட (லேப்ல கருவ வளக்குற நிபுணர்) இசட் ஸ்கோர் பத்தி கேக்காதீங்கம்மா. மூணாம் நாள் எத்தன கரு 8 செல் கிட்ட வந்துச்சு, அந்த ரெண்டு நியூக்ளியஸ் இருந்தது இப்ப எப்படி இருக்கு, அஞ்சாம் நாள் வரைக்கும் வளக்கலாமா, இந்த மூணையும் கேளுங்க. பதில எழுதி அனுப்புங்க, நான் பாக்குறேன்.