தாய்வழியைத் தேட எந்தக் குதிரையின் முடியை அனுப்புவது?

கேள்வி: எங்கள் குதிரை இனத்துக்கு ஒரு பழைய வம்சாவளிப் பதிவேடு இருக்கிறது. அதன்படி இன்றுள்ள குதிரைகள் எல்லாம் ஆறு மூத்த தாய்க்குதிரைகளின் வழி வந்தவை. அது உண்மைதானா, அந்தத் தாய்கள் எந்தப் பகுதிக் குதிரைகள் என்பதை மரபணுச் சோதனையில் அறிய முடியுமா? எல்லாவற்றையும் சோதிக்கப் பணம் இல்லை. எத்தனை குதிரைகள் போதும்?

பதில்: முதல் கேள்விக்கு ஓரளவு வலுவான பதில் கிடைக்கும். இரண்டாவதற்குப் பெரும்பாலும் அரைகுறைப் பதில்தான். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, ஒரு தாய்வழிக்கு இரண்டு குதிரைகள் என்று தொடங்குங்கள். ஆனால் எந்த இரண்டு என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

சோதிக்கப்போவது மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ., அதாவது செல்லுக்கு ஆற்றல் தரும் உறுப்பில் உள்ள தனி மரபணுப் பொருள். குதிரையில் இது ஏறத்தாழ 16,660 எழுத்துகள் (ஏ, சி, ஜி, டி என்று குறிக்கப்படும் வேதி அலகுகள்) கொண்ட சிறு வளையம். தந்தையின் விந்தணுவில் உள்ளது கருவில் நிலைப்பதில்லை. தாயினுடையது மட்டுமே குட்டிக்குப் போகிறது. அதனால் ஒரே மூத்த தாயின் வழிவந்த குதிரைகள், எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும், கிட்டத்தட்ட ஒரே எழுத்து வரிசையைக் கொண்டிருக்க வேண்டும்.

பலர் தொழுவத்தில் கைக்குக் கிடைத்த தாயையும் மகளையும் சோதிக்கிறார்கள். காசுக்குக் கேடு. அதில் உறுதியாவது ஒரே ஒரு பிரசவம். மூத்த தாயின் இரு வேறு மகள்கள் வழியாக, மிகப் பழங்காலத்திலேயே பிரிந்த இரு கிளைகளின் இன்றைய நுனிகளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் ஒத்துப்போனால், இரு கிளைகளிலும் நடுவே உள்ள அத்தனை தாய்-மகள் பதிவுகளும் ஒரே அடியில் வலுப்பெறுகின்றன. வலுப்பெறுகின்றன என்றுதான் சொல்வேன், நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். இடையில் பதிவில் தவறுதலாக மாறிப்போன குதிரையும் தற்செயலாக அதே வரிசையைக் கொண்டிருந்தால் சோதனைக்கு அது தெரியவே தெரியாது.

ஒத்துப்போகாவிட்டால்தான் வேலை சுவாரசியமாகிறது. மூத்த மகள் வழியில் வந்த நுனி ‘அ’, இளைய மகள் வழியில் வந்த நுனி ‘ஆ’ என்று வையுங்கள். இரண்டும் வேறுபடுகின்றன. இப்போது மூத்த மகள் வழியிலேயே நான்காம் தலைமுறையில் பிரிந்த ஒரு குதிரையைச் சோதியுங்கள். அது ‘ஆ’வோடு ஒத்தால், பிழை ‘அ’வின் வழியில் நான்காம் தலைமுறைக்குப் பிறகு நடந்தது. ‘அ’வோடு ஒத்தால், பிழை அந்த நான்கு தலைமுறைக்குள்ளோ இளையவள் வழியிலோ இருக்கிறது, அடுத்த மாதிரியை இளையவள் வழியிலிருந்து எடுங்கள். இப்படிச் சுருக்கிக்கொண்டே போனால் சில சோதனைகளிலேயே சந்தேகம் இரண்டு மூன்று பிரசவங்களுக்குள் வந்து நிற்கும்.

ஓரெழுத்து வித்தியாசத்தைக் கண்டதும் பதிவேட்டைக் குற்றம் சொல்லாதீர்கள். அது இடையில் நேர்ந்த இயல்பான மாற்றமாகவும் இருக்கலாம். குதிரை மாறியிருந்தால் பொதுவாகப் பல எழுத்துகள் வேறுபடும். அந்த வளையத்தில் அதிகம் மாறும் பகுதியான டி-லூப்பில் ஜி-டி-ஜி-சி-ஏ-சி-சி-டி என்ற எட்டெழுத்துத் துண்டு திரும்பத் திரும்ப வரும். அது எத்தனை முறை வருகிறது என்பது ஒரே குதிரையின் உடலுக்குள்ளேயே மாறும். (மொத்த நீளத்தை ‘ஏறத்தாழ’ என்று மேலே சொன்னது இதனால்தான்.) அந்த எண்ணிக்கையில் மட்டும் வேறுபாடு இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

ஒரு வழியில் பெண்குதிரையே மிஞ்சவில்லையா? கடைசிப் பெண்குதிரையின் மகன் உயிரோடு இருந்தால் போதும், காயடித்ததாக இருந்தாலும் சரி. அவன் தன் குட்டிகளுக்கு அதைக் கொடுக்க முடியாதே தவிர, அவன் உடலில் இருப்பது தாயின் வரிசைதான்.

உங்கள் பதிவேட்டில் பிழை வந்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1791-இல் முதலில் வெளியான பொது வம்சாவளிப் பதிவேட்டிலிருந்து கவனமாகக் கணக்கு வைத்திருக்கும் தரோபிரெட் பந்தயக் குதிரைகளிலேயே, ஒரே தாய்க்குடும்ப எண் (ஒரே மூத்த தாயின் வழி என்பதைக் குறிக்கும் எண்) கொண்டவை வெவ்வேறு வரிசையைக் காட்டியதை 2002-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. தொடக்ககாலப் பதிவுகளில்தான் இந்தக் குழப்பம் அதிகம்.

இனி, எந்தப் பகுதிக் குதிரைகள் என்ற கேள்வி. 2012-இல் முழு மைட்டோகாண்ட்ரியா வரிசைகளை ஒப்பிட்டு, குதிரைகளின் தாய்வழிகளை ஏ முதல் ஆர் வரை 18 பெருங்குழுக்களாகப் பிரித்தார்கள். இவற்றின் பொதுத் தாய் வாழ்ந்தது 1,30,000 முதல் 1,60,000 ஆண்டுகளுக்கு முன். இன்றைய வீட்டுக் குதிரைகளின் மூதாதைகள் ரஷ்யாவின் வோல்கா, டான் நதிகளை ஒட்டிய புல்வெளிகளிலிருந்து பரவியதோ கி.மு. 2200-ஐ ஒட்டித்தான். ஆக, குழுக்கள் பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் கழித்தே இனங்கள் உருவாயின. ஒரே இனத்துக்குள் பல குழுக்களும், ஒரே குழு பல இனங்களிலும் இருப்பது இதனால்தான். விலக்குகள் சில உண்டு. எஃப் குழு, மங்கோலியப் பகுதிக் காட்டுக்குதிரையான பிரெஸ்வால்ஸ்கி குதிரைக்கே உரியது. 2002-இல் 652 குதிரைகளை ஆராய்ந்தவர்கள் சி1 என்று பெயரிட்ட கொத்து எக்ஸ்மூர், ஃபியோர்டு, ஐஸ்லாந்து போன்ற வட ஐரோப்பியக் குதிரைகளில் அதிகம். அந்த ஆய்வே, இன்றைய தாய்வழிகளுக்குக் குறைந்தது 77 காட்டுப் பெண்குதிரைகள் தேவைப்பட்டிருக்கும் என்றும் கணக்கிட்டது. ஆண்வழியில் நிலைமை நேரெதிர்: வேற்றுமை மிகமிகக் குறைவு.

ஆகவே, ‘இது அரபுத் தாய்வழி’ என்று இந்த ஒரு சோதனையை வைத்து யாராவது சான்றிதழ் தந்தால் நான் நம்ப மாட்டேன். பத்துத் தலைமுறை பின்னால் போனால் வம்ச மரத்தின் அந்த வரிசையில் 1,024 இடங்கள். இந்தச் சோதனை பேசுவது அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டும். இனக் கலப்பை அறிய, தாய் தந்தை இருவழி மரபணுக்களிலும் பல்லாயிரம் ஓரெழுத்து வேறுபாடுகளை ஒரே நேரத்தில் பார்க்கும் எஸ்.என்.பி. சிப் சோதனைதான் வேண்டும். அது தனிச் செலவு.

மாதிரிக்குப் பிடரியிலோ வாலிலோ 30 முடிகளை வேரோடு பிடுங்கி, காய்ந்த காகித உறையில் போட்டுப் பெயரும் பிறந்த ஆண்டும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பை ஈரத்தைப் பிடித்துப் பூஞ்சை வரவைக்கும். சீப்பில் சிக்கியதை எடுக்காதீர்கள், பக்கத்துக் குதிரையின் முடியும் அதில் இருக்கும். இறந்துபோன குதிரையின் வால்முடியை யாராவது பத்திரப்படுத்தியிருந்தால் வேர் இல்லாவிட்டாலும் கேட்டு வாங்குங்கள். முடித்தண்டிலிருந்தும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. கிடைப்பதுண்டு.

ஆய்வகத்திடம் குழுவின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். முழு எழுத்து வரிசைக் கோப்பையும், எந்த மேற்கோள் வரிசையோடு ஒப்பிட்டார்கள் என்பதையும் கேளுங்கள். ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்தில் எக்ஸ்79547 என்ற எண்ணில் உள்ள வரிசை வழக்கமாகப் பயன்படுவது. முதலில் டி-லூப் மட்டும் போதும். ஆறு தாய்களில் இரண்டு ஒரே டி-லூப் வரிசையைக் காட்டினால், அந்த இரண்டு வழிகளுக்கு மட்டும் முழு வளையத்தையும் படிக்கச் சொல்லுங்கள். டி-லூப்பில் தெரியாத வேறுபாடு அங்கே தெரிய வாய்ப்புண்டு.

பிழை உறுதியானாலும் பழைய பதிவை அடித்துவிடாதீர்கள். பக்கத்தில் சோதனைத் தேதியோடு குறிப்பு எழுதி, மிச்ச முடியை அதே உறையில் வைத்திருங்கள். அடுத்து வருபவர் உங்கள் முடிவையும் சரிபார்க்க விரும்புவார்.