பிக்கப்புக்கு எந்தக் கொக்கி?

கேள்வி: டெக்ஸாஸ் பண்ணையில் வேலை பார்க்கும் என் தம்பி, மாட்டு டிரெய்லர் இழுக்கத் தன் பிக்கப்புக்கு கூஸ்நெக் கொக்கி (பின்தொட்டிக்குள் பொருத்தும் இழுவைக் கொக்கி) வாங்கப் போகிறான். மாடுகளோடு மொத்தம் 12,000 பவுண்டு வருமாம். எதைப் பார்த்து வாங்கச் சொல்லட்டும்?
– வாசகர், கோபாலபுரம், பொள்ளாச்சி

பதில்: முதலில் வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள், கொக்கி அப்புறம். 30,000 பவுண்டு தாங்கும் கொக்கி அங்கே சாதாரணமாகக் கிடைக்கும், ஆனால் டிரெய்லர் எடையில் 15 முதல் 25 சதவீதம் நேராகப் பிக்கப்பின் மேல்தான் இறங்கும், 20 என்று வைத்தாலே 2,400 பவுண்டு, ஏறக்குறைய 1,100 கிலோ, அதோடு ஆட்கள், சாமான், கொக்கியின் எடை எல்லாம் சேர்ந்து, டிரைவர் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் பார அளவுக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் வேண்டவே வேண்டாம். பொள்ளாச்சிச் சந்தையில் ஏற்றிய மாடுகள் நகர்ந்தால் லாரியே ஆடுவதைப் பார்த்திருப்பீர்களே! கொக்கியின் குண்டு, அதாவது டிரெய்லரை மாட்டும் உருண்டை, வண்டியின் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் அமையட்டும். வண்டியின் பின்தொட்டி குட்டை என்றால் வளைவில் டிரெய்லர் மூக்கு கேபினை இடிக்கும், அதை அளந்து பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். குண்டின் அளவு பெரும்பாலும் 2 5/16 அங்குலம், டிரெய்லரிலும் அதுவேதானா என்று பார்க்கட்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கட்டாயம் மாட்டச் சொல்லுங்கள்.