மேசையில் கோலால் பந்துகளை அடித்துக் குழிகளில் தள்ளும் விளையாட்டு பூல். இலங்கையில் அதன் தேசியப் போட்டிகளுக்குப் பணமும் சேர்வதில்லை, வீரர்களும் வருவதில்லை. என்ன காரணம்?

பரிசுத்தொகை குறைவு என்று பெரும்பாலானோர் சொல்வார்கள். கொழும்பில் சுற்றுப்போட்டிகளை ஒழுங்குசெய்யும் குழுக்களில் வேலை செய்திருக்கிறேன். எனக்கு அந்தக் காரணம் போதாது. முதற்பரிசை இரட்டிப்பாக்கினால் மகிழ்பவர்கள் வெல்லக்கூடிய ஏழெட்டுப் பேர். அவர்கள் எப்படியும் வருவார்கள். மண்டபத்தை நிரப்ப வேண்டிய மற்றவர்களோ, கிண்ணம் கிடைக்காது என்று தெரிந்தே பெயர் கொடுப்பவர்கள். அவர்களை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தம்பி வருகிறார் என்று வையுங்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர், இரவு பஸ். கொழும்பின் வெள்ளவத்தையில் உறவினர் வீடு இல்லையென்றால் அறை வாடகை வேறு. நுழைவுக் கட்டணமும் கட்டியாகிவிட்டது. முதல் ஆட்டத்திலேயே நடப்புச் சாம்பியனிடம் அகப்பட்டால், ஒரு மணித்தியாலத்தில் பையைக் கட்ட வேண்டியதுதான். அடுத்த வருடம் அவர் எதற்காக வர வேண்டும்?

32 பேர் மோதும், ஒருமுறை தோற்றாலே வெளியேறும் நேரடி வெளியேற்று முறையில் மொத்தம் 31 ஆட்டங்கள். பாதிப் பேருக்கு ஒரே ஆட்டம். இரண்டு தோல்விகளுக்குப் பின்பே வெளியேற்றும் முறையில் ஆட்டங்கள் 62 அல்லது 63 ஆகும், ஆளுக்குக் குறைந்தது இரண்டு ஆட்டங்கள் உறுதி. நான் வலியுறுத்துவது நால்வர் கொண்ட எட்டுக் குழுக்களை. குழுச் சுற்றில் 48 ஆட்டங்கள், முதல் இருவர் முன்னேறியபின் 15 ஆட்டங்கள். கூட்டினால் அதே 63தான், ஆனால் எல்லோருக்கும் மூன்று ஆட்டங்கள் நிச்சயம். யாருடன், எத்தனை மணிக்கு என்பதையும் முன்கூட்டியே அறிவித்துவிடலாம். குழுச் சுற்றின் ஒவ்வொரு ஆட்டத்தையும் ஒருவர் ஐந்து ஃபிரேம்களை (ஆட்டத்தின் உட்சுற்றுகளை) வென்றதும் முடித்துக்கொண்டால், நான்கு மேசைகளில் சனி, ஞாயிறு இரு நாட்களும் போதும்.

அந்த நான்கு மேசைகளுக்குத்தான் பணம் வேண்டும். மேசை மணிக்கணக்கில் வாடகைக்குப் போகும் இடத்தில், வார இறுதி என்பது உரிமையாளரின் வருமானத்தில் பெரும்பங்கு. அதை இலவசமாகக் கேட்பது நியாயமில்லை. தேசியப் போட்டி என்றால் மேசைமேல் போர்த்தும் துணியும் புதிதாக இருக்க வேண்டும். தரமான துணியும் பந்துகளும் பெரும்பாலும் பெல்ஜியத் தயாரிப்புகள். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அந்த அடியிலிருந்து மேசை வைத்திருப்பவர்கள் இன்னும் முழுமையாக மீளவில்லை.

அனுசரணையாளர்களைத் தேடுவதிலும் ஒரு தனிச் சிக்கல் உண்டு. கியூ விளையாட்டுகளை (பூல், ஸ்னூக்கர், பில்லியர்ட்ஸ் போன்று கோலால் பந்தடிப்பவற்றை) உலகெங்கும் நெடுங்காலம் தாங்கியது சிகரெட் பணம். உலக ஸ்னூக்கர் சாம்பியன்ஷிப்பே 1976 முதல் 2005 வரை ஒரு சிகரெட்டின் பெயரில்தான் நடந்தது. இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மது நிறுவனங்களின் அனுசரணையைத் தடுத்துவிட்டது. அந்தத் தடையை நான் மனதார வரவேற்கிறேன். புகை சூழ்ந்த மண்டபத்துக்கு எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவார்? ஆனால் அந்தப் பணத்துக்குப் பதிலாக வேறு யாரையும் நாம் தேடிப் பிடிக்கவில்லை. அரசைக் கேட்டால், பதக்கம் எங்கே கிடைக்கும் என்ற கேள்வி வரும். ஆசிய விளையாட்டு விழாவில் 1998 முதல் 2010 வரை இருந்த கியூ விளையாட்டுகள் 2014இல் நீக்கப்பட்டன. அதன்பின் நம் கோரிக்கை கோப்பின் அடிக்குப் போய்விட்டது.

பில்லியர்ட்ஸில் நமக்குப் பெருமைமிக்க மரபு இருக்கிறது. எம்.ஜே.எம். லாபிர் 1973இல் பம்பாயில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்றவர். அந்த மரபில் வளர்ந்த மூத்தவர்கள் சிலர் இன்னும் பூலை ஹோட்டல் பொழுதுபோக்காகவே பார்க்கிறார்கள். மேசை சிறிது, பொக்கெட் (பந்து விழும் குழி) அகலம், ஆகவே எளிது என்பது அவர்கள் வாதம். ஒன்பது அடி மேசையில், எண் வரிசைப்படி பந்துகளை அடிக்கும் நைன் பால் ஆட்டத்தைத் தொடங்கி, வெள்ளைப் பந்தை அடுத்த எண்ணுக்கு நிறுத்திப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். ஸ்னூக்கர் ஆடும் இளைஞர்களை முதல் வருடம் கட்டணமின்றிச் சேர்த்துக்கொண்டால், பங்கேற்பாளர் பட்டியல் உடனே நீளும்.

நிறுவனங்களிடம் போவது அதற்குப் பிறகுதான். பத்துப் பேர் விளையாடும் போட்டிக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். கண்டி, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் என்று ஊர் ஊராக 32 பெயர்கள் நிரம்பிய பட்டியலைக் காட்டினால் பேச்சே வேறு. பெரிய வங்கிகளை விட உள்ளூர் வியாபாரிகளிடம் ஒவ்வொரு மேசையாகக் கேட்பது எளிது: ஒரு கடை ஒரு மேசையின் செலவை ஏற்கட்டும், அந்த மேசையின் மேல் அவர்கள் பெயர் தொங்கட்டும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். பரிசுப் பணம் இறுதி ஆட்டம் முடிந்த அன்றிரவே வீரர் கையில் சேர வேண்டும். ஒரு போட்டியில் வென்றவர் தன் பணத்துக்காக மாதக்கணக்கில் தொலைபேசியில் கெஞ்சியதை நான் அறிவேன். அந்தச் செய்தி நாடு முழுவதும் பரவியது, அடுத்த போட்டிக்கு அவருடைய ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. ஆகவே பணம் கையில் வந்தபின் மட்டுமே பரிசுத்தொகையை அறிவியுங்கள். அது சிறிய தொகையாக இருந்தாலும் பரவாயில்லை. வரவு செலவுக் கணக்கையும் எல்லோரும் பார்க்க மண்டபச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.