பூதம் சிரிக்கக் கூடாது

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். ஓய்வு கிடைக்கும்போது மாயமும் வேடிக்கையும் கலந்த சிறுகதைகள் எழுதுகிறேன். வாயால் சொன்னால் நண்பர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கிறார்கள். அதையே எழுதிக் கொடுத்தால், "நன்றாக இருக்கிறது" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். புதையல் காக்கும் பூதத்தைப் பற்றிய கதையை அனுப்பியிருக்கிறேன். கோளாறு எங்கே?

பதில்: கதையைப் படித்தேன். முதல் பக்கத்தில் பூதம் பறக்கிறது. இரண்டாம் பக்கத்தில் யானையாக மாறித் தேன்கனிக்கோட்டைக் காட்டுக்குள் நுழைகிறது. மூன்றாம் பக்கத்தில் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறது. கடைசியில் கிருஷ்ணகிரி அணையை ஒரே மடக்கில் குடித்துத் தீர்க்கிறது. இத்தனைக்கும் நடுவே பூதம் உட்பட எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். படிப்பவருக்கு மிச்சம் எதுவும் வைக்கவில்லை நீங்கள்.

எல்லாம் வல்ல பூதத்தால் ஒரு பயனும் இல்லை. அணையைக் குடிக்க முடிந்தவனுக்கு என்ன சங்கடம் வந்துவிடப் போகிறது? சங்கடம் இல்லாத இடத்தில் சிரிப்பு எப்படி வரும்? பூதத்துக்கு அதனாலும் மீற முடியாத ஒரு நிபந்தனை வேண்டும். அந்த நிபந்தனை உங்கள் கதையிலேயே இருக்கிறது: "கொடுக்கும் பழத்தின் எடைக்கு எடை பொன் தரும்." இதை எழுதிவிட்டு அடுத்த வரியில் பூதத்தைப் பறக்க விட்டுவிட்டீர்கள். பெங்களூரா மாங்காயை மண்டிக்கு ஏற்றிப்போய், அழுகல், அடிபட்டது என்று கழிவு பிடித்த பிறகு கையில் வாங்கிய பணத்தை எண்ணிப் பார்த்தவர் நீங்கள். எடைக்கு எடை என்றால் முதல் தகராறு பொன்னைப் பற்றியா வரும், தராசைப் பற்றியா?

உங்கள் பத்தி இது: "திடீரெனப் பயங்கரச் சிரிப்புடன் பூதம் தோன்றியது!! முனியப்பன் அலறியடித்து ஓடினார்!! பார்க்கவே வேடிக்கையாக இருந்தது!!!"

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"பூதம் மரத்திலிருந்து இறங்கி, தான் முந்நூறு ஆண்டுகளாகப் புதையலைக் காத்து வருவதாகவும், பழத்தின் எடைக்கு எடை பொன் தரக் கடமைப்பட்டிருப்பதாகவும் தெரிவித்தது. முனியப்பன் கூடையை இறக்கி வைத்தார். 'கழிவு எவ்வளவு பிடிப்பீர்கள்?' என்றார். பூதத்துக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. முனியப்பன் மகனைக் கூப்பிட்டு டிராக்டரை எடுத்துவரச் சொன்னார்."

ஆச்சரியக்குறிகள் போய்விட்டன. யாரும் ஓடவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. பூதம் வந்திருக்கிறது என்பது ஒன்றுதான் பொய். கழிவு, கூடை, டிராக்டர் எல்லாம் மெய். ஒரு சிறுகதை ஒரு பொய்யைத்தான் தாங்கும். இரண்டாவது பொய்யை நுழைத்தால் வாசகர் முதலாவதையும் நம்ப மறுத்துவிடுவார்.

இந்த வித்தையை நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. நம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பாரதக் கூத்து பார்க்காதவர்கள் குறைவு. கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு துரியோதனன் வந்து நிற்பான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் அவனை மேலும் கீழும் பார்த்து, யார், எந்த ஊர், இந்நேரத்தில் இங்கே என்ன வேலை என்று விசாரிப்பான். துரியோதனன் சிரிக்க மாட்டான். அத்தினாபுரத்து மன்னன் நான் என்று முழு மிடுக்கோடு பதில் சொல்வான். அந்த மிடுக்கு குறையாதவரை கூட்டம் சிரித்துக்கொண்டே இருக்கும். வேடக்காரரும் சேர்ந்து சிரித்துவிட்டால் தூங்கி விழுந்துகொண்டிருந்தவர்கள் எழுந்து டீக்கடைக்குப் போய்விடுவார்கள். உங்கள் கதையில் முனியப்பன்தான் கட்டியங்காரன். அவர் கேட்பதெல்லாம் நடைமுறைக் கேள்வியாக இருக்கட்டும். பூதம் எல்லாவற்றுக்கும் பொறுப்போடு பதில் சொல்லட்டும்.

முகத்தைச் சுளிக்காமல் குத்துவதற்குத் தகடூரிலேயே (இன்றைய தருமபுரி) பழைய உதாரணம் உண்டு. தகடூர் மன்னன் அதியமானுக்காகப் பகை மன்னன் தொண்டைமானிடம் தூது போன அவ்வையார், அவனுடைய படைக்கலங்களைப் பார்க்கிறார். புறநானூற்றின் 95ஆம் பாடல். அவர் சொல்வது இது: இவை பீலி (மயில்தோகை) அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. அதியமானின் படைக்கலங்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. ஏளனச் சொல் ஒன்றுகூடக் கிடையாது. தொண்டைமான் கடைசிவரை பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தாலும் வியப்பில்லை.

நேரில் சொல்லும்போது உங்கள் முகமும், நடுவில் நீங்கள் விடும் இடைவெளியும் பாதி வேலையைச் செய்துவிடுகின்றன. தாளில் அந்த இடைவெளியை வாக்கிய அமைப்புதான் தர வேண்டும். தமிழில் அது எளிது. வினையைக் கடைசிவரை ஒளித்து வைக்கலாம். "ஏழு மந்திரவாதிகளை விழுங்கிய, பெயரைச் சொன்னாலே தோப்பு நடுங்குகிற அந்தப் பூதம், எடை போடுகிறவரைக் கண்டதும் கைகட்டி நின்றது." இதையே "கைகட்டி நின்றது பூதம், ஏனென்றால்..." என்று தொடங்கினால் கதை முடிந்தது.

பூதத்தைச் செந்தமிழில் பேச வைத்திருக்கிறீர்கள். அது முதல் அரைப் பக்கத்துக்குத்தான் இனிக்கும். ஓசூர்ப் பக்கத்தில் பெட்டிக்கடைக்காரரே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும்போது, முந்நூறு ஆண்டு இந்த வட்டாரத்தில் குடியிருந்த பூதம் செந்தமிழ் மட்டும் பேசுவதை என்னால் நம்ப முடியவில்லை. (விலை பேசும்போது எந்த மொழிக்குத் தாவும் என்று யோசித்துப் பாருங்கள்.) கூலியாளின் திக்குவாயை வைத்து எழுதியிருக்கும் பத்தியை அப்படியே நீக்கிவிடுங்கள். திட்ட வேண்டுமானால் தராசு யார் கையில் இருக்கிறதோ அவரைத் திட்டுங்கள்.

முடிவு: "எல்லாம் கனவு" வேண்டவே வேண்டாம். நிபந்தனையிலிருந்தே முடிவு வரட்டும். ஜூலையில் சீசன் முடியும்போது பூதமும் தொழில் கற்றிருக்கும். கழிவு, தரகு, ஏற்றுக்கூலி, முன்பணத்துக்கு வட்டி எல்லாம் பிடித்தபின், முனியப்பன்தான் பொன் பாக்கி வைத்திருக்கிறார் என்று துண்டுச்சீட்டை நீட்டும்.

1,500 சொற்களுக்குள் அடக்குங்கள். திருத்தியதும் அந்த நண்பர்களிடம் காட்டாதீர்கள். அவர்கள் படிக்கும்போது உங்கள் குரல்தான் காதில் கேட்கும். உங்களை அறியாத ஒருவரிடம் கொடுத்து, வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, எங்கே தடுமாறுகிறார் என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். குறி விழுந்த வாக்கியங்களை மட்டும் மாற்றி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பலாம்.