மழைநீரை விழுந்த இடத்திலேயே நிறுத்துவது: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் தெருவில் வடிகால் இருந்தும் அரை மணி நேர மழைக்கே முழங்கால் அளவு தண்ணீர் நிற்கிறது. வடிகாலை அகலப்படுத்தினால் தீராதா?

பெரும்பாலும் தீராது. முதலில் மூன்றைப் பாருங்கள்: நீர் இறங்கும் கம்பிச் சட்டம் குப்பையால் அடைபட்டிருக்கிறதா, உள்ளே வண்டல் எவ்வளவு உயரம் படிந்திருக்கிறது, வடிகால் போய்ச் சேரும் கால்வாய் மழையின்போது அதன் வாயைவிட மேலே நிற்கிறதா. மூன்றாவதுதான் காரணம் என்றால், எவ்வளவு பெரிய குழாய் போட்டாலும் தண்ணீர் பின்னோக்கித்தான் வரும்.

அடுத்தது கணக்கு. வினாடிக்கு எத்தனை லிட்டர் ஓடி வரும் என்பதற்கு 2.78 × ஓட்டக் கெழு (விழும் மழையில் மேலே ஓடிப்போகும் பங்கு) × மழை வேகம் (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேர்) என்ற சூத்திரம் உண்டு. மணிக்கு 60 மி.மீ. மழை, 1 ஹெக்டேர் நிலம் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க கான்கிரீட்டும் கூரையுமாக இருந்தால் கெழு 0.9, வினாடிக்கு 150 லிட்டர் வரும். மரமும் புல்லும் உள்ள திறந்த மண்ணாக இருந்தால் கெழு 0.2 வரை குறையும், 33 லிட்டர்தான். 300 மி.மீ. குழாய் ஒன்று 200-க்கு 1 சரிவில் நிரம்பி ஓடினாலும் ஏறத்தாழ 70 லிட்டரைத்தான் கடத்தும். திறந்த மண் இருந்த காலத்தில் பாதி காலியாக ஓடிய அதே குழாய், தரையை மூடிய பிறகு இரண்டு இருந்தாலும் போதாது. குழாயைத் தொடுவதற்கு முன் தரையைத் திறக்கச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: கூரை 100 சதுர மீட்டர். உறிஞ்சு குழி எவ்வளவு பெரிதாக வேண்டும்? ஒரு மீட்டர் நீள, அகல, ஆழத்தில் வெட்டலாம் என்கிறார் கொத்தனார்.

1 சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 40 மி.மீ. மழைக்கு, பத்தில் ஒரு பங்கு நனைவிலும் தெறிப்பிலும் போக, உங்கள் கூரையிலிருந்து 3,600 லிட்டர் இறங்கும். 40 மி.மீ. ஜல்லி நிரப்பிய குழியில் வெற்றிடம் 35 விழுக்காடுதான். ஆகவே 3.6-ஐ 0.35-ஆல் வகுத்தால் 10.3 கன மீட்டர்: நீள அகலம் 2.5 மீட்டர், ஆழம் 1.65 மீட்டர். கொத்தனார் சொல்லும் குழியில் 350 லிட்டர் பிடிக்கும், 4 மி.மீ. மழைக்கே நிரம்பிவிடும். இடம் இல்லையென்றால் பிளாஸ்டிக் கூடைப் பெட்டிகளை அடுக்குங்கள். அவற்றில் வெற்றிடம் 95 விழுக்காடு என்பதால் 3.8 கன மீட்டரே போதும். மழை பெய்யும்போதே மண் உறிஞ்சுவதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதை உபரிப் பாதுகாப்பாக விட்டுவிடுங்கள்.

அடித்தளத்திலிருந்து 5 மீட்டர் தள்ளி வெட்டுங்கள். குழியின் பக்கங்களுக்கும் மேற்பரப்புக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி (நீரை விட்டு மண்ணைத் தடுப்பது) போடுங்கள். குழிக்கு முன்னால் 60 செ.மீ. சதுரத்தில் ஒரு வண்டல் தொட்டி அவசியம். அதன் வெளியேறு குழாய் தொட்டியின் அடியிலிருந்து 30 செ.மீ. மேலே இருக்கட்டும். இந்தத் தொட்டியை மிச்சம் பிடித்தால், கூரைத் தூசியும் இலைச் சேறும் நேராக ஜல்லிக்குள் போய் அடைக்கும். அடைத்த குழியைக் கழுவ முடியாது, தோண்டி எடுத்துத்தான் ஆகவேண்டும். நிரம்பினால் நீர் எங்கே வழியும் என்பதையும் இப்போதே தீர்மானித்து ஒரு குழாய் வையுங்கள்.

கேள்வி: மண் உறிஞ்சுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழியின் அடிமட்டம் வரப்போகும் ஆழம் வரை தோண்டி, அங்கே 30 செ.மீ. சதுரத்தில் சிறு குழி எடுங்கள். 30 செ.மீ. உயரம் தண்ணீர் ஊற்றி முழுக்க இறங்க விடுங்கள். மறுபடி ஊற்றி இறங்க விட்டு, மூன்றாவது முறை ஊற்றும்போதுதான் நீர்மட்டம் மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று அளக்க வேண்டும். காய்ந்து வெடித்த களிமண் முதல் தடவை மடமடவென்று குடிக்கும். அதை நம்பிக் கட்டியவை பல வீணாகியிருக்கின்றன. சிறு குழியில் பக்கச் சுவர்களும் நீரைக் குடிப்பதால், வந்த விடையில் பாதியையே கணக்கில் எடுங்கள். மணிக்கு 25 மி.மீ.க்கு மேல் என்றால் கவலையில்லை. 10-க்குக் கீழே என்றால் உறிஞ்சு குழியை மட்டும் நம்பாதீர்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர்மட்டம் குழியின் அடியிலிருந்து குறைந்தது 1 மீட்டர் கீழே இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படிச் செய்து பார்த்தேன். பாதியாக்கிய பிறகு மணிக்கு 4 மி.மீ.தான். களிமண். விட்டுவிட வேண்டியதுதானா?

வேண்டாம், மழைத்தோட்டம் போடுங்கள்: மழைநீர் வந்து தேங்கி மண்ணுக்குள் இறங்கும் தாழ்வான செடிப் பாத்தி. நீர் வந்து சேரும் கூரை, தரைப் பரப்பில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை இடம் கொடுங்கள். அடியில் 300 மி.மீ. கழுவிய ஜல்லி, அதன்மேல் 100 மி.மீ. பருமணல், அதற்கும் மேல் 500 மி.மீ. மண் கலவை: மணல் 60 பங்கு, மேல்மண் 20, நன்கு மக்கிய உரம் 20. மேலே 150 மி.மீ. பள்ளம் நீர் தேங்குவதற்கு. உரத்தை அள்ளிப் போடாதீர்கள். அதிலிருந்து கசியும் பாஸ்பரஸ் கீழே உள்ள குளத்தில் பாசியாக வளரும். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே துணி விரிக்கவும் வேண்டாம். நுண்மண் அங்கேதான் வந்து படிந்து அடைக்கும். மண் ஜல்லிக்குள் இறங்காமல் தடுக்கும் வேலையைப் பருமணலே செய்யும்.

ஜல்லியின் அடியில் 100 மி.மீ. துளைக் குழாய் போட்டு, அது வெளியேறும் முனையை முழங்கை இணைப்பால் மேல்நோக்கித் திருப்பி, ஜல்லியின் மேல்மட்டத்துக்கு உயர்த்துங்கள். 300 மி.மீ. ஜல்லியில் வெற்றிடம் 35 விழுக்காடு என்பதால், இப்போது ஜல்லிக்குள் 105 மி.மீ. நீர் நிற்கும். உங்கள் களிமண் மணிக்கு 4 மி.மீ. வீதம் குடித்தாலே 26 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். அதற்கு மேல் வருவது மட்டும் குழாய் வழியே, வேகம் தணிந்து போகும். இந்த ஒரு முழங்கை இணைப்பு களிமண் நிலத்தையும் பயன்படுத்தக்கூடியதாக ஆக்கிவிடுகிறது.

கேள்வி: தண்ணீர் தேங்கினால் கொசு வருமே?

முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். 48 மணி நேரத்தில் வடிந்துவிட்டால் பயமில்லை. மூன்றாம் நாளும் நீர் நின்றால் மேலே வண்டல் பொருக்கு கட்டியிருக்கிறது. மேல் 5 செ.மீ.யைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புது மணற்கலவை இடுங்கள். உண்மையில் கவனிக்க வேண்டியது வண்டல் தொட்டியைத்தான். அதில் எப்போதும் நீர் நிற்கும். இறுக்கமான மூடியும் வலையும் போடுங்கள்.

கேள்வி: வளாகம் முழுக்க பேவர் பிளாக் பதித்தோம். நீர் இறங்கும் என்றார்கள், இறங்கவில்லை.

கீழே என்ன போட்டார்கள் என்று ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். கான்கிரீட் படுகையோ கல்தூளோ இருந்தால் அது சாதாரணத் தளம்தான். நீர் இறங்க வேண்டுமானால் மேலிருந்து கீழ் வரை தூசியே இருக்கக் கூடாது: இடைவெளிகளில் 2 முதல் 6 மி.மீ. கழுவிய சிறு ஜல்லி, கல்லின் அடியில் அதே ஜல்லி 50 மி.மீ., அதற்குக் கீழே 20 மி.மீ. ஜல்லி, கடைசியில் 40 மி.மீ. ஜல்லி. இடைவெளியில் மணல் நிரப்புவது மிகப் பொதுவான தவறு. சரியாகப் போட்ட தளமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது உறிஞ்சு இயந்திரத்தால் சுத்தம் செய்யாவிட்டால் அடைபடும். அதன்மேல் சிமென்ட் குழைத்தால் ஒரே நாளில் கெடும்.

கேள்வி: லாரி நிறுத்துமிடத்து நீரை உறிஞ்சு குழிக்கு விடலாமா?

கூடாது. எண்ணெயும் உலோகத் துகளும் நேராக நிலத்தடி நீருக்குப் போகும். எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகத்தான் அனுப்ப வேண்டும்.

கேள்வி: வீடுவீடாகச் செய்தாலும் பேய்மழை வந்தால் தாங்குமா?

பேய்மழைக்கு ஊர் அளவில் இடம் ஒதுக்க வேண்டும். 2011 ஜூலை 2 அன்று டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சில மணி நேரத்தில் 150 மி.மீ. அளவுக்கு மழை கொட்டி நகரமே மூழ்கியது. அடுத்த ஆண்டு அந்நகரம் வகுத்த திட்டம், பூங்காக்களையும் தெருக்களையும் வெள்ளம் தங்கவும் ஓடவுமான இடங்களாக மாற்றுவது. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் 2013-இல் திறந்த பெந்தெம்பிளெய்ன் சதுக்கம் வெயில் நாளில் விளையாட்டுத் திடல், மழை நாளில் சுமார் 17 லட்சம் லிட்டர் பிடிக்கும் தொட்டி. சிங்கப்பூரின் பிஷான் பூங்காவில் 2.7 கி.மீ. நேர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, 3.2 கி.மீ. வளைந்தோடும் ஆறாக மாற்றினார்கள். ஆறு பெருகினால் பூங்காப் புல்வெளி நனையும்; வீடுகள் தப்பிக்கும்.

கேள்வி: சாலையோர மழைத்தோட்டம் அமைத்தோம். சாலை நீர் உள்ளே வராமல் பக்கத்திலேயே ஓடிப்போகிறது.

வாயைப் பாருங்கள். சாலை ஓரக்கல்லில் திறப்பு 45 செ.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், திறப்பைவிட உள்ளே தரை 5 செ.மீ. தாழ்ந்திருப்பது. மண்ணைச் சாலை மட்டத்துக்கே நிரப்பிவிட்டால், முதல் மழையில் வரும் மணல் வாயிலேயே சிறு கரை கட்டும், செடி அதில் வேர்விடும், அதோடு வழி மூடிவிடும். திறப்புக்கு உள்ளே அரை மீட்டர் அகலத்துக்குக் கல் பதித்துத் தாழ்வாக வைத்தால், வண்டல் அங்கே மட்டும் தங்கும். ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் அதை மண்வெட்டியால் அள்ளி எறிந்துவிடலாம்.